சீர்வரிசையில் போன விளையாட்டுப் பெட்டி

பூச்சி உருண்டையின் நெடி இன்றும் எனக்குக் குமட்டும். ஓட்டலில் கைகழுவும் தொட்டியிலோ, யாராவது வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கட்டும் பட்டுப்புடவையிலோ அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், காரைக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்ற கண்ணாடி அலமாரியும், அதன் நடுத்தட்டில் பாலிதீன் உறைக்குள் மூச்சு முட்டிக் கிடந்த ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டியும், அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அப்பாவும் வரிசையாக வந்து நிற்பார்கள். பால்யத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் மழைநாளின் மண்வாசனை கிடைத்திருக்கிறது. எனக்கு வாய்த்தது இதுதான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து இருந்தார். சிலர் பிரான்சில், சிலர் சிங்கப்பூரில், எண்பதுகளின் தொடக்கத்தில் பெரும்பாலும் வளைகுடாவில். அவர்கள் விடுப்பில் வரும்போது கொண்டுவரும் பொருள்களுக்கு 'வெளிநாட்டுச் சாமான்' என்று பெயர். வெளிநாட்டுச் சாமான் புழங்குவதற்கு அல்ல, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு. எங்கள் அலமாரியில் சோப்புக் கட்டிகள் வெடிப்பு விட்டுக் கிடந்தன. மிட்டாய்கள் வெள்ளை பூத்துக் கிடந்தன. பழச்சாற்றுப் பொடி புட்டிக்குள்ளேயே கல்லாய் இறுகியிருந்தது. சாவி கொடுத்தால் தாளம் போடும் குரங்குப் பொம்மை ஒரு தாளமும் போடாமல் துரு ஏறி நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடித்தபடி அதைப் பார்த்து, 'அடேயப்பா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் உள்ளூர்ச் சோப்பில் குளித்தோம். அம்மா மட்டும் அடுக்களையில் அப்பாவின் காதுக்கு எட்டாமல், "வைக்கப்போர் நாய் மாதிரி. தானும் திங்காது, மாட்டையும் திங்க வுடாது" என்பாள்.

அம்மாவின் தம்பி குவைத்தில் இருந்தார். எனக்கு ஒன்பது வயதும் ஸ்டெல்லா அக்காவுக்குப் பதின்மூன்று வயதும் இருக்கும்போது, அந்த மாமாதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டு. கறுப்பு நிறத்தில் ஒரு கருவி, அதன் தலையில் ஆட்டத்துக்கு ஒன்றாகச் செருகுவதற்கு உள்ளங்கை அகலத்தில் நாலைந்து கட்டைகள், சிவப்புப் பொத்தான் வைத்த இரண்டு கைப்பிடிகள். ஒருவர் ஆடுவதற்கு ஒன்று போதுமே, எதற்கு இரண்டு என்று அப்பா கேட்டதற்கு, தனியாக ஆட யாருக்குப் பிடிக்கும் என்று மாமா சிரித்தார். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. குவைத்தில் ஓர் அறைக்குள் எட்டுப் பேரோடு படுத்து எழுந்தவர். விடுப்பில் வந்தால் எங்களோடுதான் கிடப்பார்.

எங்களிடம் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. இலங்கை நிகழ்ச்சிகளைப் பிடிப்பதற்காகத் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டு, காற்றடிக்கும்போதெல்லாம் யாராவது மாடியேறித் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. மாமா அந்த ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு விளையாட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினார். அப்பா அலமாரியைத் திறந்துவைத்து இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கையிலேயே திரையில் பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்க ஆரம்பித்துவிட்டன. கீழே ஒரு சின்னத் துப்பாக்கி. அதை இடமும் வலமுமாக நகர்த்திப் பூச்சிகளைச் சுட வேண்டும். தரையைத் தொட விட்டால் ஆட்டம் முடிந்தது.

நான் ஆடிய ஆட்டங்கள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன. மாமாவும் எனக்குச் சளைத்தவர் இல்லை. அக்கா கைப்பிடியை வாங்கி, முதல் இரண்டு ஆட்டங்களில் எங்களைப் போலவே தோற்றாள். மூன்றாவது ஆட்டத்தில் அவள் உடம்பு அசையவில்லை. கை மட்டும் வேலை செய்தது. ஓரத்துப் பூச்சியை முதலில் வீழ்த்தினால் கூட்டம் திரும்புவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். கணக்கில் கோட்டை விட்டு, தையலில் விரலைக் குத்திக்கொண்டு, 'எதுக்கும் லாயக்கில்லாதது' என்று தினமும் பெயர் வாங்கிய என் அக்கா, அன்று சாயங்காலம் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓர் ஊரையே வாய் பிளக்க வைத்தாள். தன்னால் ஒன்று நன்றாகச் செய்ய முடியும் என்று அவள் அறிந்த முதல் நாள் அது. அவள் முகத்தை நான் மறக்கவில்லை.

மாமா குவைத்துக்குத் திரும்பிய மறுநாள், அப்பா பெட்டியைக் கழற்றினார். துணியால் துடைத்து, தெர்மாக்கோல் அச்சுக்குள் திரும்பப் பொருத்தி, மூலைக்கு மூலை பூச்சி உருண்டைகளைக் கைநிறையப் போட்டு, காற்றுப் புகாதபடி பாலிதீன் உறை சுற்றி நாடா ஒட்டினார். அக்கா நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கொள்வதாகக் கெஞ்சினாள். அப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை.

"புழங்குனா பழசாயிடும்மா. உனக்காகத்தான் வைக்கிறேன், உன் கல்யாணத்துக்கு" என்றார்.

பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? அப்பா நல்லவர், குடிக்காதவர், ஞாயிறு பூசை தவறாதவர். ஆனால் ஒரு பொருளைப் பயன்படுத்துவது அதை அசிங்கப்படுத்துவது என்று உண்மையாகவே நம்பினார். எனக்கு அதுதான் அசிங்கமாகப் பட்டது, இன்றும் படுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அக்கா அலமாரி முன்னால் நின்று கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டிருப்பாள். மூக்குப் பட்ட இடத்தை அப்பா வந்து துடைப்பார்.

மாமாவுக்கு அடுத்த விடுப்பில் கல்யாணம் ஆகி, அதற்குப்பின் வரும்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் மாமி வீட்டிலேயே தங்கினார். எங்கள் வீட்டுக்கு அரைமணி நேரம் எட்டிப் பார்ப்பதோடு சரி. பெட்டி அலமாரியில் இருப்பதைப் பார்த்து முகம் சுருக்கினால், பரீட்சைக்காக எடுத்து வைத்திருக்கிறோம் என்று அப்பா முந்திக்கொள்வார். மாமா அக்காவைப் பக்கத்தில் இழுத்து, இப்போது எத்தனை பாயிண்ட் எடுக்கிறாய் என்று கேட்பார். அக்கா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓர் எண்ணைச் சொல்வாள். ஒவ்வொரு விடுப்புக்கும் அந்த எண் பெரிதாகிக்கொண்டே போனது. அறையில் உள்ள எட்டுப் பேரிடமும் மாமா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாராம். அந்தப் பெருமையோடேயே குவைத்தில் கண்ணை மூடினார். ஆடாத ஆட்டத்துக்கு அக்கா பாயிண்ட் சொன்னபோதெல்லாம் அப்பா காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பத்தொன்பதில் வரன் வந்தது. வரிச்சிக்குடியில் நிலபுலன் உள்ள குடும்பம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட அலமாரியைப் பார்த்த நேரம் அதிகம்.

"அந்த வெளிநாட்டுப் பொட்டியும் சீர்ல வருதுங்களா?" என்று கேட்டார்.

அப்பாவின் முகத்தில் அன்று தெரிந்த வெற்றியை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கட்டில், பீரோ, குத்துவிளக்கு, பழத்தட்டுகளோடு அந்தப் பெட்டியும் மேல் உறை மாற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஊர் பார்க்கத் தெருவில் ஊர்வலமாகப் போனது. அக்கா என் காதில், அங்கே போய் முதல் வேலையாக அதைப் பிரிக்கப் போவதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு அவள் சந்தோஷப்பட்டது அதற்காகத்தான் என்று நான் சொன்னால் மிகையில்லை.

வரிச்சிக்குடி வீட்டிலும் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் சாவி மாமியாரின் முந்தானையில் இருந்தது. புருஷன் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும் வீட்டில் மருமகள் விளையாட்டுச் சாமானைக் கையில் எடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார்களாம். என் மச்சான் சாது. அம்மா சொன்னால் சரிதான் என்பார். அக்கா சமையலறைக்குப் போனாள், தொட்டிலாட்டினாள், நாற்று நடும் ஆட்களுக்குச் சோறு பொங்கினாள். மாமியார் காலமானபின் சாவி அவள் கைக்கு வந்தபோது, பிரிக்கத் துணிவில்லாத வயதுக்கு அவளே வந்துவிட்டிருந்தாள்.

பிரித்தது மச்சான்தான். மகன் தேவாலயத்தில் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளன்று, பூசை முடிந்து விருந்தும் முடிந்த பிற்பகலில், பையன் ஆசைப்பட்டான் என்று பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து நாடாவைக் கிழித்தார். நானும் அங்கே இருந்தேன். நெடி முதலில் வந்தது. சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அக்கா கையை உள்ளே விட்டாள். தெர்மாக்கோல் உருகிக் கூழாகியிருந்தது. பூச்சி உருண்டையின் ஆவி அத்தனை வருடம் உறைக்குள் அடைபட்டு, தெர்மாக்கோலைத் தின்று, கருவியின் மேல்மூடியையும் இளக்கி, கைப்பிடிகள், கட்டைகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. சிவப்புப் பொத்தான் இருந்த இடத்தில் சளி மாதிரி ஏதோ ஒன்று. அக்கா இழுக்க இழுக்க நூல் நூலாக வந்தது. அதைவிட அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. வெட்டவெளியில், வெயிலிலும் உப்புக் காற்றிலும் விட்டிருந்தால்கூட அது பிழைத்திருக்கும். பத்திரம்தான் அதைக் கொன்றது.

"இவ்வளவு நல்லா வச்சிருந்துமா?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த அப்பா. வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. அக்கா கொல்லைக்குப் போய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கை கழுவினாள்.

இன்று காரைக்காலில் கண்ணாடி அலமாரிகள் அபூர்வம். வெளிநாட்டுச் சாமான் என்ற சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தென்னை உயர ஆன்டெனாக்களைக் காயலான் கடைக்காரர்கள் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அந்தப் புத்தி சாகவில்லை. பழைய வீடியோ விளையாட்டுகளையும் முதல் காலத்து வீட்டுக் கணினிகளையும் சேகரிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களில் சிலர், பிரிக்கவே படாத பெட்டியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, கையுறை போட்டுத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒரு குழந்தைகூடத் தொடாதது என்பதே அதற்குப் பெருமை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. நானும் சேகரிக்கிறேன், ஒளிக்கவில்லை. ஆனால் நான் வாங்குவது எழுத்து அழிந்த விசைகளும், பல் பதிந்த கைப்பிடிகளும், பிசுக்கு ஏறிய கருவிகளும்தான். யாரோ ஒரு பிள்ளை அதில் ஆடித் தீர்த்திருக்கிறது என்ற நிச்சயம் எனக்கு வேண்டும்.

அப்படித் தேடும்போது, மாமா கொண்டுவந்த அதே வகைக் கருவி ஒன்று, ஓடுகிற நிலையில், போன வருடம் சென்னையில் கிடைத்தது. அதே பூச்சி ஆட்டமும் இருந்தது. மச்சான் மறைவுக்குப்பின் அக்கா தலத்தெருவில் மகன் வீட்டில் இருக்கிறாள். கொண்டுபோய், பழைய தொலைக்காட்சி ஒன்றையும் தேடிப் பிடித்து இணைத்தேன். திரையில் பூச்சிகள் இறங்கியதும் அக்கா சிரித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியை வாங்கினாள். ஓரத்துப் பூச்சியைப் பார்த்து அவள் கண் சரியாகவே போனது. கைதான் போகவில்லை. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணி நாலைந்து வருடம் ஆகிறது. சோறு பிசையவே சிரமம். பொத்தானை அழுத்த அவளுடைய கட்டைவிரல் மடங்கவில்லை. ஆடிய மூன்று ஆட்டங்களும் முதல் வரிசையிலேயே முடிந்தன.

இன்னொரு தடவை பார் அக்கா என்றேன். அவள் கைப்பிடியை என் மடியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ ஆடுடா, நான் பாக்குறேன். அதுதான் எனக்கு நல்லாப் பழகிப்போச்சு" என்றாள்.