மருந்துவாழ் மலைக்கு அம்முவின் நாற்பது லிட்டர் பை

அம்முக்குட்டி, போன ஞாயிற்றுக்கிழமை உன் பையை எடுத்துக்கொண்டு மருந்துவாழ் மலைக்குப் போய்வந்தேன்.

இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியது என் மகள். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். மலையேற எந்தப் பை வாங்கலாம் என்று கேட்டு இன்னும் ஆட்கள் எழுதுகிறார்கள். அதற்கு அவள் தலைப்பு மட்டும்தான் எழுதி வைத்திருந்தாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். சுமந்து பார்த்தால்தானே தெரியும் என்று கிளம்பினேன்.

ஆரல்வாய்மொழியில் காலை ஐந்து மணி பஸ். வடசேரியில் இறங்கி 5.50க்குக் கன்னியாகுமரி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சுசீந்திரம் தாண்டிப் பொற்றையடியில் இறங்கும்போது மணி 6.25. பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், இட்லிப் பொட்டலம், குடை, ஒரு துண்டு.

தோளில் மாட்டினால் பை பின்னால் தொங்கி இடித்தது. அவள் உயரம், நான் குட்டை. வாரை இழுத்துச் சுருக்கினால் சரியாகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வார் அவள் கடைசியாக வைத்த அளவில் இருந்தது. எட்டு மாதமாக அதை யாரையும் தொட விடவில்லை. செங்கல் சூளையில் இருபது வருசம் தலையில் சுமந்தவள்தானே நான். துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, பையைத் தலையில் வைத்து ஏறினேன்.

படி இருக்கும் வரை கஷ்டம் இல்லை. பாறை தொடங்கியதும் கையை ஊன்ற வேண்டும், ஒரு கையோ பையைப் பிடித்திருந்தது. இரண்டு இடத்தில் கால் வழுக்கியது.

பாதி மலையில் எலுமிச்சைத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏட்டி, மேல யாரு வீடு கெட்டுகாவ? கல்லு கொண்டு போறியா?"

"பை எனக்க முதுகுக்குக் கொள்ளல்ல அக்கா. மவளுக்க பை."

"மவளுக்க பைன்னா தலையிலயா வைப்பாவ? இஞ்ச வா மக்கா."

நான் வேண்டாம் என்பதற்குள் பையை முதுகில் மாட்டி, இரண்டு வாரையும் சரக்கென்று இழுத்துவிட்டார். இடுப்புப் பட்டையையும் பூட்டினார்.

"எலும்புக்க மேல பூட்டணும். தோளு சும்மா பிடிச்சிட்டு இருந்தா போரும். எத்தன பேரு இந்த வழியா போறாவ, பாக்கியேன்லா."

"அக்கா, அந்த அளவு..."

"அளவு இப்பம்தான் சரியாச்சு. நடந்து பாரு."

நடந்தேன். பாரம் இடுப்பில் உட்கார்ந்தது, அவளைக் குழந்தையில் இடுக்கிக்கொண்டு நடந்த அதே இடத்தில். எடை பாதியானது மாதிரி இருந்தது. இரண்டு கையும் ஊன்றி ஏறினேன். உச்சிக்கு 8.20. தெற்கே கடல், வடக்கே எங்கள் ஊரில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள். இட்லியைத் தின்றுவிட்டு அரை மணி நேரம் இருந்தேன். இறங்க ஒரு மணி நேரம். அந்த எலுமிச்சைத் தண்ணீர் இருபது ரூபாய், வாங்கிக் குடியுங்கள்.

கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். பைக்கு உங்கள் உயரத்தைவிட முதுகின் நீளம் முக்கியம். தலை குனிந்தால் கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை டேப்பில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எனக்குப் பதினைந்து அங்குலம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீர் பாட்டில்களைப் போட்டுப் பத்து நிமிடம் நடங்கள். பாரமானதை முதுகை ஒட்டி வையுங்கள். ஒரு நாள் மலைக்கு இருபது லிட்டர் பை போதும். நாற்பதில் சாமான் கிடந்து ஆடுகிறது. அடுத்தவர் பை என்றால் யாருடையதாக இருந்தாலும் வாரை உங்களுக்குச் சரிசெய்துவிட்டு ஏறுங்கள். நான் விழுந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து வாரைப் பழைய இடத்துக்குத் தள்ளப் பார்த்தேன். அந்த அக்கா இழுத்த இடம் போக, கொக்கி கடித்த பழைய மடிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நாலு விரல் தூரம். அம்முக்குட்டி, நீ கடைசியாக மாட்டியது எதில்?