பதினொரு கிணற்றுச் சிவப்பு

அந்த மார்ச்சில் பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் பாஸிலா வீட்டு மொட்டை மாடியில் சாய அண்டாக்கள் வெறுமனே காய்ந்துகொண்டிருந்தன. பெங்களூர்க் கடை ஒன்றுக்கு நாற்பது துப்பட்டா அனுப்ப வேண்டும். நூலெல்லாம் கட்டித் தயாராக இருந்தது. வேறு வழியில்லாமல், தண்ணீர் லாரி ஓட்டும் முகமது ரஃபீக்கிடம் சொல்லி ஒரு லோடு இறக்கினாள்.

அந்தத் தண்ணீரில் போட்ட சிவப்பு, சிவப்பாக வரவில்லை. அதே மஞ்சிட்டி வேர், அதே எடை, அதே சூடு, அதே நேரம்தான். வழக்கமாக மாதுளம்பூ மாதிரி எழும்புகிற நிறம், ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி நூலில் போய் உட்கார்ந்தது.

நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் போடுகிற வேலை அவளுடையது. சைக்கிள் டியூபை மெல்லிய நாடாவாக வெட்டி, எங்கெங்கே வெள்ளை வேண்டுமோ அங்கெல்லாம் நூல்கற்றையை இறுக்கிச் சுற்றிக் கட்டுவாள். கட்டின இடத்தில் சாயம் இறங்காது. பிறகு அவிழ்த்துத் தறியில் கொடுத்தால், நெய்ய நெய்ய உருவம் தானாகத் துணியில் கூடி வரும், ஓரம் மட்டும் லேசாகக் கலங்கினாற்போல. ஒரு துப்பட்டாவுக்கு எழுநூறு கட்டுக்குக் குறையாது. நாற்பது துப்பட்டாவின் கட்டும் வீணாய்ப் போனது.

இந்த வேலை அவளுக்குப் பரம்பரையாக வந்ததில்லை. அவள் அத்தா, தோல் ஷாப் என்று ஊரில் சொல்கிற தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அவள் வேதியியல் படித்து, ஒன்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, தெலங்கானாவில் ஒரு நெசவாளர் வீட்டில் எட்டு மாதம் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தாள். இப்போது வயது முப்பத்தொன்பது. மூன்று ஊர்களில் அவளுடைய துணிகளைச் சுவரில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோபக்காரி என்றும் பெயர் உண்டு.

ரஃபீக்குக்குப் போன் போட்டாள். "சாயத்துக்குத்தானேம்மா கேட்டீக. குடிக்கவா போறீகன்னு நெனச்சுட்டேன்" என்றார் அவர். அவர் தண்ணீர் எடுத்த கிணற்றுக்காரியின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த நிமிடமே ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஊருக்கு வெளியே தோல் ஷாப்புகளைத் தாண்டி மண்ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். சகாயராணி என்கிற அந்தம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாஸிலா வண்டியை நிறுத்தக்கூட இல்லை, இரைந்தாள்.

"கிணத்துல என்னத்தைக்கா கொட்டி வச்சிருக்கீங்க? என் நூலெல்லாம் நாசமாப் போச்சு."

சகாயராணி அரிவாளைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் கொட்டல தாயி. அந்த ஷாப்புக்காரவுக கொட்டுனாக. இருவது வருசமா கொட்டுறாக."

கிணற்றைக் காட்டினார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மின்னியது. சுற்றி நின்ற தென்னைகளில் பாதிக்குக் கொண்டை இல்லை. நிலத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "கத்திரி போட்டேன், கருகிப் போச்சு. சோளம் போட்டேன், முழங்காலுக்கு மேல வரல. இப்பத் தண்ணியத்தான் விக்கிறேன், வீடு கட்டுறவுகளுக்கு. அதுவும் செவுத்துல உப்பு பூக்குதுன்னு சண்டைக்கு வாராக. நீயும் வந்திருக்க."

பாஸிலா அப்போதுதான் வண்டியை அணைத்தாள். கோபம் மட்டும் போகவில்லை. திட்டுவதற்கு வந்த ஆளைத் திட்ட முடியாமல், அதை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெங்களூருக்குப் போன் செய்து, துப்பட்டா வராது என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டார்கள். "காரணத்தைத்தான் நெய்யப் போறேன், பார்த்துக்கோங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து கேன்களோடு கிளம்பினாள். சகாயராணியின் கிணற்றில் ஆரம்பித்து, தோல் ஷாப்புகளை விட்டு விலகி விலகி, ஆத்தூர்ப் பக்கம் சித்தையன்கோட்டை வரைக்கும் பதினொரு கிணறு. ஒவ்வொன்றிலும் இருபது லிட்டர். ஒவ்வொரு கேனிலும் ஊர், கிணற்றுக்காரர் பெயர், தேதி. ஒரே நூல், ஒரே வேர், ஒரே அடுப்பு. தண்ணீர் ஒன்றுதான் வேறு. சித்தையன்கோட்டைத் தண்ணீரில் மாதுளம்பூ எழும்பியது. அங்கிருந்து தோல் ஷாப்புகளுக்குக் கிட்டே வர வர நிறம் செங்கல்லாகி, துருவாகி, கடைசியில் அந்தப் பொருக்கு.

எல்லாக் கற்றையிலும் ஒரே உருவத்தைக் கட்டியிருந்தாள். வெறும் வட்டம். மேலிருந்து பார்த்தால் கிணற்று வாய் மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

தறி சின்னாளப்பட்டியில், ஜக்கம்மாள் வீட்டில். ஆறு வருடமாக இருவரும் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். பாஸிலா கட்டுவாள், ஜக்கம்மாள் நெய்வாள். நாலாவது வாரம் ஜக்கம்மாள் தறியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இந்தக் கடைசித் துண்டு நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. இதை விட்டுரலாமா பாஸிலா?"

"அறுந்தா முடிச்சுப் போட்டு நெய்யி. முடிச்சும் தெரியட்டும்."

"பார்க்கறவுக வேலை சரியில்லம்பாக."

"சொல்லட்டும்."

துணி இருபத்திரண்டு அடி வந்தது. இந்தச் செய்தி எப்படியோ அண்ணன் பக்ருதீனின் காதுக்குப் போய்விட்டது. அவர் இருபத்தாறு வருடமாகத் தோல் ஷாப்பில்தான் இருக்கிறார், இப்போது சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை.

"ஊரெல்லாம் கேனைத் தூக்கிட்டு அலைஞ்சியாமே."

"ஆமாண்ணே."

"அத்தா அந்தத் தொட்டியில நின்னு சம்பாதிச்ச ஹலாலான காசு. அதுலதான் நீ காலேஜ் போன. அந்தச் சோத்தைத் தின்னுட்டு அது மேலயே காறித் துப்புறியா?"

"அத்தா கால் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காண்ணே?"

பக்ருதீன் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"கடைசி நாலு வருசம் செருப்புப் போட முடியல. கணுக்கால் வரைக்கும் ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. மருந்து வச்சுக் கட்டுனது நான். நான் துப்புறது அத்தா சோத்து மேல இல்ல. அவரை நிக்க வச்சவன் மேல."

"ஆயிரம் குடும்பம் அதுல பொழைக்குது. ஷாப்பை மூடுனா நீ சோறு போடுவியா?"

"மூடச் சொன்னேனா? கழிவைச் சுத்தம் பண்ணி விடச் சொல்றேன். அதுக்கு மெசினு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"ஓடுதா?"

அண்ணன் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. அண்ணி உம்மு சல்மா மட்டும் பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார்.

செப்டம்பரில் சென்னையில் ஒரு கண்காட்சி. அதை நடத்திய ரொனால்டு திண்டுக்கல்லில் பிறந்தவன்தான், பாஸிலாவின் வேலையை முதலில் வெளியே காட்டினவனும் அவன்தான். துணியின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதாங்க்கா நீங்க பண்ணதுலயே பெருசு" என்றான். நடுக்கூடத்தில் இடம் ஒதுக்கினான். பாஸிலா பதினொரு கிணற்றுக்காரர்களின் பெயரையும், ஊரையும், துணியின் கீழே வைக்க வேண்டிய குறிப்பையும் எழுதி அனுப்பினாள்.

திறப்பு அன்று காலை வைகை எக்ஸ்பிரஸ் பிடித்து மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். துணி அழகாகத்தான் தொங்கியது, விளக்கெல்லாம் போட்டு. கீழே இருந்த அட்டையில் 'அந்தி வானம்' என்று எழுதியிருந்தது. 'தலைமுறை தலைமுறையாக வந்த திண்டுக்கல் கைவினையின் மாலை நேர வண்ணங்கள்.' கிணறு இல்லை. பெயர்கள் இல்லை. வாசல் பலகையில், கண்காட்சிக்கு உதவிய நிறுவனம் என்று ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்தது.

ரொனால்டைத் தனியாகக் கூப்பிட்டாள். "இது யாரு வச்ச பேரு?"

"அக்கா, அவங்க இல்லன்னா இந்த ஷோவே இல்ல. துணி அதேதான? ஒரு நூலைக்கூட மாத்தலையே. பார்க்கறவங்க அழகைப் பார்த்துட்டுப் போகட்டும்."

"இதுல அழகு எங்கடா இருக்கு? சகாயராணி கிணறு உனக்கு அந்தி வானமா?"

"செத்த மெதுவாப் பேசுங்கக்கா. கெஸ்ட் வர ஆரம்பிச்சுட்டாங்க."

"அட்டையை மாத்து."

"இப்ப முடியாது."

 விளக்குப் போட்ட ஆட்கள் சுவரோரம் சாத்திவைத்திருந்த ஏணியைப் பாஸிலா இழுத்து வந்தாள். பட்டுச் சேலையும் கோட்டுமாக நின்றவர்கள் விலகினார்கள். ஏறி, ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். இருபத்திரண்டு அடித் துணி அவள் தோளில் சரிந்து விழுந்தது. ரொனால்டு ஏணிக்கடியில் நின்று, "கையெழுத்துப் போட்டிருக்கீங்கக்கா, கேஸாகும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.  எழும்பூர் வரைக்கும் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

கேஸ் ஒன்றும் வரவில்லை. ஆனால் அழைப்புகள் நின்றுபோயின. டெல்லியில் ஒரு விருதுப் பட்டியலில் இருந்த அவள் பெயர் அடுத்த பட்டியலில் இல்லை.

சென்னையிலிருந்து திரும்பிப் பத்து நாள் கழித்து, ஒரு காலையில் கதவைத் திறந்தால் அண்ணன் நிற்கிறார். கையில் ஒரு வெள்ளைக் கேன். வாசலில் வைத்தார்.

"ஷாப்புக்குள்ள, தோல் ஊற வைக்கிற தொட்டிக்கு வர்ற தண்ணி. இதுலயும் போட்டுப் பாரு."

"உள்ள வாண்ணே."

"வரல. உன் மேல இருக்கிற கோபம் இன்னும் போகல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பாஸிலா அன்றைக்கே அடுப்பு மூட்டினாள். பொருக்கை விடக் கேவலமாக, கறுப்பாகவே வரும் என்று எதிர்பார்த்தாள். நூலைத் தூக்கிப் பார்த்தபோது மாதுளம்பூ. சித்தையன்கோட்டைச் சிவப்புக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து மீதித் தண்ணீரில் இன்னொரு கற்றை போட்டாள். அதுவும் அப்படியே.

அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனாள். அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணி எங்கருந்துண்ணே வருது?"

"ஆத்தூர்ப் பக்கம். தினம் ஆறு லாரி" என்றார், தலை நிமிராமல். "தோலுக்குக் கெட்ட தண்ணி ஆகாது. கறை விழுந்துரும். வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிருவான்."

பாஸிலா தெருவிலேயே நின்றாள். சகாயராணியின் மாடு குடிக்கிற தண்ணீர் செத்த ஆட்டின் தோலுக்கு ஆகாது. இருபது வருடமாக அது ஷாப்புக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் லாரி வைத்திருக்கிறார்கள்.  அண்ணன் பைக் துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பன்னிரண்டாவது சிவப்பை ஜக்கம்மாள் தனியாக இரண்டடிக்கு நெய்து கொடுத்தாள். பாஸிலா அதைச் சகாயராணியின் பொருக்குத் துண்டோடு ஒட்டித் தைத்தாள். நடுவில் இடைவெளியே இல்லாமல், வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டமாக.

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்து வேப்பமரத்தடியில் துணியை விரித்தாள். பதினொரு கிணற்றுக்காரர்களில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அவரவர் சிவப்புக்குப் பக்கத்தில் அவரவர் கேனோடு நின்றார்கள். மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர், டீ விற்கிறவர் எல்லாம் கூடிவிட்டார்கள். ஓர் அதிகாரி வந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்தார். கடைசித் துண்டுக்கு வந்ததும் நின்றார்.

"இது மட்டும் ஏன் இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு? இது எந்த ஊர்க் கிணறு?"

பாஸிலா வாயைத் திறப்பதற்குள் சகாயராணி முந்திக்கொண்டார். "அது ஊரு கிணறு இல்ல சார். ஷாப்புக்காரவுக தோலைக் கழுவுற தண்ணி. எங்களுக்கு இது" என்று தன் துண்டைக் காலால் தொட்டுக் காட்டினார்.

அந்த வாரமே அரசாங்க ஆட்கள் வந்து கிணறுகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். பரிசோதனை முடிவு வந்தபோது மூன்று ஷாப்புகளுக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் வக்கீல் வைத்து அதற்குக் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். கிணற்றுக்காரர்களும் வக்கீல் வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. குடிதண்ணீர் லாரி மட்டும் சகாயராணியின் ஊருக்கு வாரம் மூன்று நாள் வருகிறது. கிணறு அப்படியேதான் கிடக்கிறது.

பக்ருதீனுக்கு வேலை போய்விட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது வியாழக்கிழமைகளில் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து டவுன் கறிக்கடைகளுக்குக் கொடுக்கிறார். பாஸிலா ஒரு தடவை பஸ்ஸேறி அங்கேயே போனாள். கூட்டத்தில், ஒரு கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான உனக்கு இப்படி ஆச்சு" என்றாள்.

"உன்னாலன்னு யாரு சொன்னா? கேனைத் தூக்கிட்டு வந்தது நான்தான" என்றார் அவர். பிறகு, "வெயில்ல நிக்காத. போ" என்றார். வீட்டுக்கு இன்னும் வருவதில்லை.

போன மாதம் ரொனால்டு போன் செய்தான். வெளிநாட்டு மியூசியம் ஒன்று அந்தத் துணியைக் கேட்கிறதாம், அட்டையில் அவள் சொல்கிற பெயரையே வைப்பார்களாம்.

"துணி என்கிட்ட இல்ல. வழக்குல சாட்சியாக் கொடுத்திருக்கோம்" என்றாள் பாஸிலா.

"எப்பக்கா திரும்பக் கிடைக்கும்?"

"கிணறு சரியானதும் வந்து கேளு" என்று போனை வைத்தாள்.

மாடியில் புது நூல் நீட்டிக் கட்டியிருந்தது. வடமதுரைப் பக்கத்திலிருந்து நாலு பேர் தாங்களாகவே கேன்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஊரும் பெயரும் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்து மூடினாள். டியூப் நாடாவைப் பல்லில் கடித்து இழுத்து, முதல் கட்டைப் போட்டாள்.