புறங்கை வைத்துப் பார்த்தவர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சீலிங் ஃபேனுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றியது. அவர் கை மெஷினின் பிடியைச் சுற்றினார். நான் சுற்றுகளை எண்ணினேன். சின்ன வயதிலிருந்தே எண்ணுவது என் வேலை. அவரே எண்ணினால் நடுவில் ஒருவர் குறுக்கே பேசிக் கணக்கைக் கலைத்துவிடுவார். அந்த ஒருவர் அப்பாவுக்கு மட்டும் கேட்பவர். அவருக்கு அப்பா வைத்திருந்த பெயர் மேனேஜர்.

“மேனேஜர் இன்னைக்கு வந்திருக்காராப்பா?”

“லீவு. சம்பளமில்லாத லீவு. நீ எண்ணு.”

அந்த ஃபேன், பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வெளிநோயாளிகள் உட்காரும் கூடத்திலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் பழுதான மோட்டார்களை எங்கள் கடைக்குத்தான் அனுப்புவார். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது அப்பா உட்காருவதும் அதே ஃபேனுக்குக் கீழேதான்.

“இத்தனை வருசமா என் தலைக்கு மேல முனகிட்டே இருந்துச்சு,” என்றார். “டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரைய கூட்டிருவாரேன்னு வாயத் திறக்கல.”

கடைக் கூட்டாளி சிரித்தார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எப்போதும் கையில் காயிலுக்குப் பூசும் வார்னிஷின் வாசனை இருப்பதால் அவர் வார்னிஷ். “அண்ணே, முனகல் எனக்கும் கேட்டுச்சு. அப்ப எனக்கும் ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வாங்க.”

“உனக்கு மாத்திரை பத்தாதுடா. உன்னையே கழட்டி ரீவைண்டிங் பண்ணணும்.”

காயிலில் பூசிய வார்னிஷ் காய்ந்ததும் ஃபேனைக் கொக்கியில் தொங்கவிட்டு ஓட்டினோம். அப்பா சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மோட்டார் உடம்பில் புறங்கையை வைத்தார். எந்த மோட்டாரானாலும் முதலில் அதுதான் செய்வார். உள்ளங்கையை வைத்தால், கரண்ட் ஒழுகும் இடத்தில் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை தானே விலகிவிடும். சூடும் அதில்தான் சரியாகத் தெரியும் என்பார். நான் துணைமின் நிலையத்தில் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிப்பவள். மீட்டரை நம்புவது என் தொழில். கை வைப்பது அவர் தொழில். இதில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

“வயித்துல ஏதோ கல்லு மாதிரி கிடக்கு,” என்றார். “சரியானதும் நானே போய் மாட்டிட்டு வரேன். கீழ உக்காரப் போறவன் மாட்டினாத்தான் ஆடாம இருக்கும்.”

அப்பா இளம் வயதில் ஒரு மில்லின் மோட்டார் பிரிவில் வேலை பார்த்தார். அங்கேதான் மேனேஜர் பேசத் தொடங்கினார். முதலில் வேலையைக் குறை சொன்னார், பிறகு அப்பாவையே. நிஜ மேனேஜர் அப்பாவை வேலையைவிட்டு அனுப்பிய பிறகும் இவர் போகவில்லை. வீட்டார் அப்பாவை எங்கெங்கோ கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள். மணிக்கட்டில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. கடிகாரத்தை அதன் மேல் கட்டி மறைத்துக்கொள்வார்.

அம்மாவிடம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்கோபம் என்று மட்டும் சொல்லிக் கல்யாணம் செய்துவைத்தார்கள். உண்மை தெரிந்தபோது ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “போக இடம் இருந்தா போயிருப்பேன்,” என்றாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். “எனக்கும் அதே கதைதான்,” என்றார்.

பிறகு ஒரு புது மாத்திரை வந்தது. அது மேனேஜரை லீவில் அனுப்பியது. அப்பா சொந்தமாகக் கடை வைத்தது அதற்குப் பிறகுதான். அந்த மாத்திரை ரத்தத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால் மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் நன்றாக இருந்தால் மாத்திரை கிடைக்கும். அது குடலையும் மெல்ல மெல்ல நிறுத்திவிடக்கூடும் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வெளிக்குப் போகச் சிரமப்படுவதை வயசுக் கோளாறு என்றுதான் அவரும் நினைத்தார். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். டாக்டரும் கேட்டதில்லை.

அந்த மாத்திரையை முதலில் எழுதித் தந்த டாக்டரம்மா ஒரு விஷயம் சொல்லியிருந்தார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த நோயையும் இந்த மாத்திரையையும் முதலில் சொல்லிவிட வேண்டும், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்று. அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் அதைச் சொல்வார். பல் டாக்டரிடம் சொன்னார். கண்ணாடிக் கடையில்கூடச் சொன்னார். வேலை நடக்கும்போது சுவிட்சில் நாங்கள் மாட்டும் எச்சரிக்கை அட்டையைப் போல என்பார். பார்ப்பவன் ஜாக்கிரதையாக இருப்பான் அல்லவா?

ஃபேனை ஓட்டிப் பார்த்த மறுநாள் அப்பாவுக்கு வயிறு உப்பி, வாந்தி எடுத்ததும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனோம். பெஞ்சில் இடமில்லை. அப்பா சுவரில் சாய்ந்து, குனிந்தபடி நின்றார். இளம் டாக்டர் ஒருவர் வந்தார்.

“ஐயா, நான் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவன். இப்ப வயிறு கல்லு மாதிரி இருக்கு. வாந்தி வேற.”

டாக்டர் அப்பாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். “அடிக்கடி இப்படி நடந்துக்குவாரா?”

“நடந்துக்குறதா? வலிக்குதுன்னு சொல்றாருங்க.”

“சாப்பாட்டுல யாரோ எதையோ கலந்துட்டாங்க, அப்படி ஏதாவது சொல்றாரா?”

“எங்க வீட்டுச் சமையலப் பத்தி அப்படிச் சொல்ற தைரியம் எனக்குக் கிடையாதுங்க,” என்றார் அப்பா. டாக்டர் சிரிக்கவில்லை.

“வயித்த ஒரு தடவ தொட்டுப் பாருங்க, டாக்டர்,” என்றேன்.

“மனநலப் பிரிவுக்கு எழுதித் தரேன். அவரோட டாக்டருங்க அங்கதான் இருக்காங்க. முழுசா பாப்பாங்க.”

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே கூரை போட்ட நீண்ட நடைபாதை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். தரை மட்டமில்லாத இடங்களில் அப்பா பல்லைக் கடித்தார். வாசலில் இருந்த காவலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “என்ன பெரியவரே, ஃபேன் எங்க?”

“நான் ஓடினாத்தானே ஃபேன் ஓடும்,” என்றார் அப்பா.

வார்டில் அன்று ஒரே டாக்டர். கெட்டவர் இல்லை. அதற்கு முன் எத்தனை பேரைப் பார்த்திருந்தாரோ, குரல் தேய்ந்திருந்தது.

“வயிறுன்னா அந்தப் பக்கம்தானே போகணும்?”

“அந்தப் பக்கத்துலேருந்துதான் இங்க அனுப்பினாங்க,” என்றேன்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?”

“ஒரு வேளை விட்டதில்ல,” என்றாள் அம்மா.

“அப்புறம் ஏன் இவ்வளவு பதட்டம்?”

அப்பாவால் படுக்க முடியவில்லை. எழுந்து குனிந்து நடப்பார், உட்காருவார், மறுபடி எழுவார். வலியில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். மனநல வார்டில் அதற்கு வேறு பெயர். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்படி மறுபடி கேட்டேன். டாக்டர் அவசரப் பிரிவுக்கு ஃபோன் செய்தார். அவர்கள் காலையில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் அமைதிப்படுத்த ஓர் ஊசி போடச் சொன்னார்.

நர்ஸ் ஊசியோடு வந்தபோது அப்பா என்னைப் பார்த்தார்.

“யாராவது கை வச்சாங்களாம்மா?”

“வைப்பாங்கப்பா.”

“புறங்கைய வச்சாலே தெரியுமே. எவ்வளவு சூடு.”

நான் வைத்தேன். சூடுதான். சட்டைக்கு அடியில் வயிறு பறைத் தோல் போல விறைத்திருந்தது. நர்ஸிடம் சொன்னேன். “டாக்டர்கிட்ட சொல்றேன். நீங்க உக்காருங்க, முகமே சரியில்ல,” என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தார்கள். அப்பா அசையாமல் கிடந்தார்.

“நேத்தைக்கு இப்ப எவ்வளவோ பரவாயில்ல. அமைதியா இருக்காரே,” என்றார் ஒருவர்.

துணைமின் நிலையத்தில் அலாரம் அடித்தால் ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தலாம். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். பழுதைச் சரிசெய்யாமல் அதை அணைக்க முடியாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம். மனிதனுக்கு அப்படியொரு விளக்கு இல்லை. இதை அங்கே சொல்லவில்லை. “ஊசி போட்டதால பேசாம இருக்காரு. வயித்தப் பாருங்க,” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்க டாக்டரா?”

“இல்ல. மக.”

அறுவைப் பிரிவிலிருந்து ஒருவர் மதியம் வந்தார். நாற்காலியில்கூட உட்காராமல், சட்டையைத் தூக்கி, வயிற்றில் கை வைத்தார். உடனே அவர் முகம் மாறியது. அந்த ஆஸ்பத்திரியில் அப்பாவின் வயிற்றைத் தொட்ட முதல் டாக்டர் அவர்தான். அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு அதே நடைபாதையில் ஓடினார்கள். பாதி வழியில் கட்டில் நின்றது. மறுபடி நகர்ந்தபோது யாரும் ஓடவில்லை.

மனநலப் பிரிவுத் தலைவர் எங்களைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். தண்ணீர் கொடுத்தார். “இந்த மாத்திரையால குடல் நின்னு போறது தெரிஞ்ச விஷயம்தான்மா. ரொம்ப வருத்தமா இருக்கு.”

“தெரிஞ்ச விஷயம்னா மாசாமாசம் ஏன் யாரும் கேக்கல?”

“ரத்தம் பாக்குறோமே.”

“ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் அம்மா.

 பிறகு நான் புகார் எழுதினேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது.

மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க அம்மாவும் நானும் வெளிநோயாளிகள் கூடத்துக்குப் போனோம். கூடம் வெந்துகொண்டிருந்தது. நடுக் கூரையில் வெறும் கொக்கி. அதன் பக்கத்தில் டேப் சுற்றிய இரண்டு வயர் முனைகள். கீழே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சோடு. நர்ஸிடம் கேட்டேன், இப்போதாவது இவர்களிடம் வயிற்றைப் பற்றிக் கேட்கிறீர்களா என்று.

“கூட்டத்தப் பாருங்கம்மா,” என்றார். “ஆளுக்கு ஒரு கேள்வி கூடக் கேட்டா இது இன்னைக்கு முடியுமா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை.

அட்டையால் விசிறிக்கொண்டிருந்த ஒருவர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். மாதாமாதம் அப்பாவின் பக்கத்தில் உட்காருபவர். சட்டைப் பொத்தான்கள் வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டு நின்றன.

“அண்ணன் வரலையா? ஃபேனக் கழட்டுன அன்னைக்கு, நானே மாட்டுறேன்னு சொன்னாரே.”

அம்மா அவர் வயிற்றையே பார்த்தாள். “நீங்க ஒழுங்கா வெளிக்குப் போறீங்களா?” என்று கேட்டாள். அவர் கூச்சத்தோடு சிரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கடையில் ஃபேன் அப்படியே தொங்குகிறது. வார்னிஷ் ஒருமுறை கேட்டார். “நான் கொண்டுபோய் மாட்டிட்டு வரட்டுமா, அண்ணி?” அம்மா ஃபேன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

நேற்று அதை ஓட்டிப் பார்த்தேன். முனகல் இல்லை. நிறுத்திவிட்டுப் புறங்கையை வைத்தேன். சூடும் இல்லை. மாட்ட வேண்டியதுதான் பாக்கி.