மூன்று ஜனாதிபதிகளின் தீவு

எங்கள் நாட்டுக்கு மூன்று ஜனாதிபதிகள். முதல் ஷிப்டுக்கு ஒருவர், இரண்டாவது ஷிப்டுக்கு ஒருவர், நைட் ஷிப்டுக்கு ஒருவர். சங்கு ஊதினால் ஆட்சி மாறும். வேறெந்த நாட்டிலும் இப்படிக் கிடையாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அங்கேயெல்லாம் ஜனாதிபதி தூங்கும்போது நாட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பேன். நெய்வேலி நகரியத்தில் பிறந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் அரசியல் ஞானம் இருக்க நியாயமில்லை. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கம் அப்படித்தான் ஓடியது. எங்கள் குவார்ட்டர்ஸில் அப்பாவின் தூக்கமும் சாப்பாடும் கோபமும்கூட அப்படித்தான் ஓடின.

நாடு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றிச் சிமெண்டுத் தரை உடைந்து பள்ளமாகிக் கிடந்தது. காலையில் பைப்பில் தண்ணீர் விட்டதும் பள்ளம் நிறையும், கல் மட்டும் நடுவில் தலை தூக்கி நிற்கும். அதுதான் தீவு. நீளம் நான்கு சாண், அகலம் மூன்று சாண். ஒரு நாட்டுக்கு அது போதாது என்று சொல்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: ஒரு மனுஷி நிற்க அது போதும், அவ்வளவு இடம்கூடக் கிடைக்காமல் போனவளை எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆடியில் அம்மா இறந்தாள். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனவள் வேனில் திரும்பி வந்தாள். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, குறிஞ்சிப்பாடியிலிருந்து இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தாள். ஒன்றில் துணி, மற்றதில் புத்தகம். புத்தகப் பை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அரசாங்க வேலைக்கான குரூப் பரீட்சைக்குப் படிக்க அவள் அதற்கு முன்னாலும் மாதக்கணக்கில் வந்து தங்கியிருக்கிறாள். அது பாதி நாள் கரண்ட் இல்லாத காலம். நகரியத்துக்குள் மட்டும் விளக்கு அணையாது. "இங்கேருந்து போற கரண்ட் லைன் எங்க தலைக்கு மேலதான் போவுது, எங்க வூட்டுல மட்டும் மெழுகுவத்தி" என்று சித்தி சொல்ல, அம்மா சிரிப்பாள். முன்பு வெளிச்சத்துக்காக வந்தவள், இப்போது எங்களுக்காக வந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை மதில் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க சித்தி புள்ளைங்கள பாக்க வந்தாளா, புக்க பாக்க வந்தாளா?" என்று என்னிடமே கேட்டாள்.

அந்த நாட்களில் நான் யாருக்கும் எதற்கும் பதில் சொல்லவில்லை. பிடிவாதமில்லை, சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஊருக்குப் பக்கத்தில் அத்தனை பெரிய சுரங்கப் பள்ளத்தைத் தோண்டி வைத்துக்கொண்டு சோறு தின்று தூங்கி எழுந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆனால் வீட்டுக்குள் விழுந்த பள்ளத்தைச் சுற்றி நடக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு வயதுத் தம்பிக்கு அந்தச் சிரமம் இல்லை. அவன் அழுதான். அழுதவனைச் சித்தி இடுப்பில் தூக்கி வைத்தாள். அதற்கப்புறம் அவன் இறங்கவே இல்லை.

ஒரு நாள் காலை சித்தி என்னை அலாக்காகத் தூக்கித் துவைக்கிற கல்மேல் நிறுத்தினாள்.

"எறங்கிடாத. சுத்தி கடல்."

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"இது ஒரு நாடு. நீதான் ஜனாதிபதி. மொதல் சட்டம் போடு பாக்கலாம்."

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு வாயைத் திறந்தேன். "கவர்மென்ட்ட கேக்காம யாரும் சாகக் கூடாது."

சித்தி கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். நுரை ஒவ்வொன்றாக உடைந்தது. "நிறைவேறியது," என்றாள் கடைசியில். "எதிர்த்து ஒரு ஓட்டும் இல்ல."

நாடு பிறந்த கதை இதுதான். வரலாறு பிறகு எழுதப்பட்டது, எல்லா நாடுகளிலும் நடப்பதுபோல. தீவின் ஆதி குடிகள் எறும்புகள். பிறகு சோப்புக் கம்பெனி வியாபாரம் செய்ய வந்து, வழுக்கி வழுக்கியே நாட்டைப் பிடித்தது. நீலச் சோப்புக் கட்டி கடைசியாகச் சாக்கடையில் விழுந்து கரைந்த நாள் சுதந்திர தினம். தேசியப் பறவை காகம், விசா கேட்காமல் வருவதால். தேசியக் கொடி அப்பாவின் கிழிந்த காக்கிச் சட்டையிலிருந்து பிய்த்த பை. எத்தனை முறை அலசினாலும் அதன் தையலுக்குள்ளிருந்து பழுப்பு நிலக்கரித் தூள் வந்துகொண்டே இருந்தது. தம்பி நாட்டின் மண்ணைத் தின்றதற்காக இருமுறை தேசத் துரோக வழக்கில் சிக்கி, பல் முளைக்கிறது என்கிற காரணத்தால் விடுதலையானான்.

முதல் ஷிப்டு ஜனாதிபதி நான். இரண்டாவது ஷிப்டு சித்தி. நைட் ஷிப்டு அப்பா. தான் ஒரு நாட்டின் ஜனாதிபதி என்பது அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. அம்மா போனபிறகு அவர் இரவு வேலையை மற்றவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் தூங்குகிற மனுஷனிடம் யாரும் எதையும் பேச முடியாது அல்லவா?

விளையாட்டுக்குள் சித்தி தன் புத்தகத்தை நுழைத்துவிட்டாள். துணி கும்முகிற சத்தத்துக்கு நடுவே கேள்விகள் வரும். "மாநிலங்களவைய கலைக்க முடியுமா?" "முடியாது!" "பண மசோதா மொதல்ல எங்க வரும்?" "மக்களவை!" "ஜனாதிபதி ராஜினாமா பண்ணா யார்கிட்ட குடுக்கணும்?" "துணை ஜனாதிபதி!" என்று நான் கத்துவேன், காகங்கள் பறக்கும். புத்தகத்து நாட்டுக்கு இருந்த ஏற்பாடெல்லாம் எங்கள் தீவுக்கும் இருந்தது, ராஜினாமா ஒன்றைத் தவிர. அடுத்த ஆள் வந்தால்தான் இருக்கிற ஆள் இறங்கலாம், வராவிட்டால் டபுள் ட்யூட்டி. இதை நான்தான் சட்டமாக்கினேன். சித்தி கேட்டுவிட்டு, "நல்லா இருக்குடி உன் நாடு. எவளும் தப்பிக்க முடியாது," என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் தாத்தா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் அப்பா. முந்திரிக் காட்டில் கூலி வேலை. வந்தவர் நேரே பின்பக்கம் வந்து, கல்மேல் நின்ற என்னிடம், "ஜனாதிபதியம்மா, வெத்தல துப்ப உங்க நாட்டுல எடம் இருக்குதா?" என்றார். வெளிநாட்டுக்காரர்கள் சாக்கடையில்தான் துப்ப வேண்டும் என்றேன். சிரித்தார். அதுதான் அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு.

உள்ளே அப்பா நாற்காலியில் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். தாத்தா தரையில் உட்கார்ந்தார், மாப்பிள்ளை வீட்டில் அப்படித்தான் உட்காருவார். சித்தி சமையலறை வாசலில் தம்பியோடு நின்றாள்.

"வெளிய ஒருத்திய கட்டிகினு வந்தா இந்தப் புள்ளைங்க கதி இன்னா ஆவும்? நம்ம வூட்டுப் பொண்ணு இருக்கச் சொல்ல எதுக்கு அலையணும்?" என்றார் தாத்தா.

"அவ இஷ்டத்தையும் கேக்கணுமுங்க," என்றார் அப்பா, மின்விசிறியைப் பார்த்து.

"எனக்குப் பரீட்ச இருக்குது," என்றாள் சித்தி.

"பரீட்ச யாரு வேணாங்கறா? போன வருஷம் அடிச்ச புயல்ல முந்திரி மரமெல்லாம் வேரோட சாஞ்சி கெடக்குது. எனக்கு வேலையே கெடையாது. எத வெச்சி உனக்கு மாப்ள பாப்பன்? சொல்லு." தாத்தாவின் குரல் உடைந்தது. கோபத்தில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கெஞ்ச ஆரம்பித்திருந்தார். "சரி. ஒண்ணு சொல்றன். இந்த வாட்டி எழுது. பாஸாயிட்டன்னா உன் இஷ்டம், எவனும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டான். ஆவலன்னா தையில வாய மூடிகினு கழுத்த நீட்டணும்."

தம்பி சித்தியின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றாள் சித்தி.

மறுநாள் என் ஷிப்டில் அவள் ஒரு மனு கொடுத்தாள். துணி எதுவும் இல்லாமல் சும்மாவே வந்து கல்லுக்கு எதிரே குந்தினாள். "ஜனாதிபதி, ஒரு குடிமக இந்த நாட்ட வுட்டுப் போவணும்ங்கறா. சட்டத்துல எடமிருக்குதா?"

"எங்க போவணும்?"

"எங்கியோ. கடலூரோ மெட்ராஸோ. ஒரு ஆபீஸு. அதுல ஒரு சேரு, ஒரு டேபிளு. காலைல போயி உக்காந்தா யாரும் ஏன் வந்தன்னு கேக்கக் கூடாது."

கன்னத்தில் கை வைத்துத் தீர யோசித்தேன். எனக்கு அவளை அனுப்ப மனமில்லை. ஆனால் நான் அரசாங்கம், அழக் கூடாது. எனக்குத் தெரிந்து வீட்டை விட்டுப் போகிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் போவார்கள். சங்கு ஊதும், ஆள் சாப்பாட்டுத் தூக்கோடு போவார், மறுபடி சங்கு ஊதும், ஆள் வந்துவிடுவார். அப்படித் திரும்பி வராமல் போனவள் ஒருத்திதான், அவள் சட்டம் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

"போலாம்," என்றேன் கம்பீரமாக. "ஆனா ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடணும்."

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். அனுமதி கிடைத்தவர்கள் அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கப்புறம் அவள் படித்ததுபோல் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. சோறு வடிக்கும்போது படித்தாள், தம்பியைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே படித்தாள், எனக்குச் சடை பின்னும்போது என் தலையையே வரைபடமாக்கி வகிடுக்கு இந்தப் பக்கம் மத்திய அரசு, அந்தப் பக்கம் மாநில அரசு என்று அதிகாரங்களைப் பிரித்தாள். நான் கேட்ட எதற்கும் பதில் தவறவில்லை. பாஸாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் புத்தகத்தில் கஷ்டமான கேள்வியாகத் தேடித் தேடிக் கேட்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் தம்பிக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. அவன் சித்தியைத் தவிர யாரிடமும் போகாததால் மறுநாள் காலை நாங்கள் எல்லோருமே கடலூருக்கு பஸ் ஏறினோம். அப்பா நைட் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு அப்படியே வந்திருந்தார். ஜன்னலோரம் சித்தி. மடியில் தம்பி, அவன் முதுகுக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறையில் ஹால் டிக்கெட். குறிஞ்சிப்பாடியில் பஸ் நின்றபோது அவள் வெளியே பார்க்கவில்லை. குள்ளஞ்சாவடி தாண்டி, விழுந்த மரங்களின் வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்த தோப்புகள் வந்தபோதும் பார்க்கவில்லை. நான் கேள்வி கேட்டேன், அவள் சொன்னாள். எல்லாம் சரி.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். கேட்டுக்கு வெளியே திருவிழாக் கூட்டம். மனைவியை எழுத அனுப்பிவிட்டுக் குழந்தையோடு நிற்கிற கணவர்கள், மகளுக்கு நெற்றியில் திருநீறு பூசுகிற அப்பாக்கள், கடைசி நிமிஷம் வரை கைடு புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கூட்டம் கரைந்து எங்களை அடுத்து நின்ற பெண்ணும் ஓடினாள். பெல் அடித்தது.

"அவன குடும்மா," என்றார் அப்பா. கையை நீட்டினார். கை பாதி தூரம் வந்து அங்கேயே நின்றது.

"வுட மாட்டேங்கறான் மாமா," என்றாள் சித்தி.

"விட மாட்டேங்கறான்," என்றார் அப்பாவும்.

கேட்டில் நின்ற பெண் போலீஸ் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவைப் பிடித்தபடி, "எம்மா, எழுதறவதானே நீ? வரியா இல்லியா? சாத்திட்டா அப்புறம் எந்த சிபாரிசும் செல்லாது," என்றாள்.

"தோ, வந்துட்டன்," என்றாள் சித்தி. "இவன் வுடணும்."

நான் சித்திக்குப் பின்னால் நின்றிருந்தேன். பின்னாலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. தம்பியின் கன்னம் அவள் தோளில் அமுங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்து எச்சில் ஒழுகி ரவிக்கை நனைந்திருந்தது. காய்ச்சல் விட்டு, நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. அவனுடைய இரண்டு கைகளும் அவள் முதுகில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தன, விரல்கள் விரிந்து, எதையும் பிடிக்காமல். சித்தியின் கைகள்தான் அவனைச் சுற்றி ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன, நகம் வெளுக்கும்படி.

"சித்தி, அவன் எப்பவோ தூங்கிட்டான்," என்றேன்.

மெதுவாகச் சொல்லவில்லை, நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். சித்தி திரும்பவில்லை. அப்பாவும் திரும்பவில்லை. இரண்டு பேரும் அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் போலீஸ் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தாள்.

இரண்டு பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் எப்படிக் காது கேட்காமல் போகும் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.