டவரும் நான் சேர்த்த 'ஆபத்து'ம்

"அண்ணே, பக்கத்து மனைல செல்போன் டவர் வைக்கப் போறாங்கோ. மருமவ முழுகாம கீறா. கெடுதலான்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு. கெடுதல்னா கம்பெனி வேலைய வுடச் சொல்லிட்டு அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

திருமுக்கூடல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த மல்லிகா இப்படிக் கேட்டபோது, உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். புத்தகம் அடுக்கச் சேர்ந்து, பிறகு கட்டுரைகள் தேடும் டேட்டாபேஸையும் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் ஒரு வியாதி உண்டு. எதைத் தேடினாலும் கூடவே 'ஆபத்து' என்று அடிப்பேன். மின்விசிறி ஆபத்து. இட்லி மாவு ஆபத்து. ஏதாவது வந்து நிற்கும், அன்றைக்குச் சோறு இறங்காது.

அன்றும் 'செல்போன் டவர் ஆபத்து' என்றே அடித்தேன். பக்கம் பக்கமாக வந்தது. மல்லிகாவை விட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது.

"இன்னைக்கே அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் இருந்த என் செல்போனை எடுத்து மேஜையின் அந்தக் கோடியில் வைத்தேன்.

மல்லிகா வெளியே போனவர் கடைத்தெருவுக்கு வந்திருந்த அந்தப் பக்கத்து மனைக்காரர் ஜெயபாலைப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கிறார். அரை மணியில் இருவரும் என் எதிரில் நின்றார்கள்.

"இன்னா தாமு, டவர் கெடுதல்னு சொல்லினு கீறியாமே? சிக்னல் இல்லாம ஆம்புலன்ஸக் கூப்பிடவே மாடி ஏறி நிக்கிறோம் நாங்க. நல்லதுன்னு தேடிக் குடுய்யா!" என்றார் ஜெயபால்.

அவருக்கும் பயந்து 'செல்போன் டவர் நன்மை' என்று அடித்தேன். அதுவும் பக்கம் பக்கமாக வந்தது. படித்தேன். இரண்டுமே சரி என்று பட்டதும் இன்னும் பயந்துபோனேன்.

நூலகர் மேடம் எழுந்து வந்தார். "அண்ணே, நீங்க போட்ட வார்த்தையத்தான் அது தேடிக் குடுக்குது. ஆபத்து, நன்மை ரெண்டையும் எடுத்துட்டு 'செல்போன் டவர் கதிர்வீச்சு'ன்னு மட்டும் போடுங்க. எழுதினது யாரு, அளந்து பார்த்தாங்களா, யார் காசுல ஆய்வு நடந்துதுன்னும் பாருங்க."

அப்படியே தேடினேன். வந்ததில் இரு பக்கத்துக் கட்டுரைகளையும் மேடம் அந்த இருவருக்கும் படித்துக் காட்டினார். கதிர்வீச்சுக்கு அரசு வரம்பு இருக்கிறது. அதற்குள் இருந்தால் கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை. நீண்ட கால ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. டவர் வந்தால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

மல்லிகா ஜெயபாலைப் பார்த்து, "வச்சதும் என் கண்ணு எதிர்ல அளந்து காட்டணும். ஜாஸ்தி கீதுன்னா கழட்டணும். மருமவ இங்கதான் இருப்பா, வேலைக்கும் போவா" என்றார்.

"சரிக்கா. நானே ஆளக் கூட்டியாந்து அளக்க வைக்கிறேன்."

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: முதலில் உங்கள் பயத்தையும் ஆசையையும் சேர்க்காமல் தேடுங்கள். அப்புறம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அன்று இருவரும் கிளம்பும் நேரத்தில் மேஜைக் கோடியில் என் செல்போன் அடித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுண்ணே, கடிக்காது" என்றார் மல்லிகா.

எடுத்தேன். காதுக்குக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டேன்.