நாலு மிருகத்துக்கும் ஒரே கோடு

கால்நடை ஆய்வகத்தில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். ரத்தப் புரதங்களை மின்சாரம் விட்டுப் பிரித்தால் ஜெல் தகட்டில் வரிவரியாகக் கோடு விழும். பெயர் ஒட்டாத தகட்டை நீட்டினாலும் இது குதிரை, இது வெள்ளாடு என்று பட்டென்று சொல்லிவிடுவாள். மாடு, குதிரை, ஆடு, நாய் நான்கின் பிளாஸ்மாவையும் ஒப்பிடும் வேலையில் அந்த வருடம் தலையை விட்டிருந்தாள். கணவர் போனபிறகு எதிலாவது தலையை விட வேண்டியிருந்தது.

வீட்டில் மிச்சம் அவர் வளர்த்த நாய்தான். அவர் அதை ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரவேண்டும் அதற்கு. அந்த மாப்பிள்ளை ஒருநாள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துவிட்டது. அவளே ரத்தம் எடுத்துவந்து இளைய டாக்டரிடம் கொடுத்தாள்.

மத்தியானம் டாக்டர் தகட்டை மேஜையில் வைத்தாள். கத்தியால் கீறியதுபோல் ஒரு கூர்மையான கோடு. ரத்தப் புற்றிலும் அப்படித்தான் விழும். கோட்டம்மா நாத்தனாரிடம் போனில் சொன்னபோது, வலி தெரியாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் அண்ணி என்று அவள் அழுதாள்.

போனை வைத்துவிட்டுக் கோட்டம்மா தகட்டை மறுபடி கையில் எடுத்தாள். கண் அதன் வேலையை விடவில்லை. அந்தக் கோடு நிற்கும் இடம் பழகிய இடம். தன் ஒப்பீட்டுத் தகட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மாட்டுக்கும், குதிரைக்கும், ஆட்டுக்கும், நல்ல நாய்க்கும் அங்கேயே கோடு. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஏம்மா, நாலும் பேசி வச்சுக்கிட்டா கேன்சர் வாங்கிச்சு?”

அது ரத்தத்தை உறையவைக்கும் புரதம். உறையவிடாமல் எடுக்கும் பிளாஸ்மாவில் இருக்கும், உறைந்தபின் வடியும் சீரத்தில் இருக்காது. நோய்ச் சோதனைக்குச் சீரம்தான் வேண்டும். மாப்பிள்ளையின் ரத்தம் வந்த குழாயை டாக்டர் தேடி எடுத்தாள். ஊதா மூடி; பிளாஸ்மாக் குழாய். வருடம் முழுக்க ஒப்பீட்டுக்கு ஊதாவையே எடுத்துப் பழகிய கோட்டம்மாவின் கை.

“மேடம், சீரத்துக்குச் சிவப்பு மூடின்னு எங்களைத் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது யாரு?”

“நான்தான். இப்ப என் தலையில ஒண்ணு குட்டு.”

சிவப்பு மூடியில் மறுபடி எடுத்தார்கள். அந்தக் கோடு இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது.

பல்லைப் பிடுங்கிய மறுநாள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். “உங்கண்ணனோட மாப்பிள்ளை எங்கேயும் போகலம்மா. தட்டை நக்கிட்டு, இன்னும் கொண்டான்னு என் மூஞ்சியைப் பாக்குது.”