விட்டுப்போன எட்டாவது படி

அந்த நோட்டின் முதல் பாதியில் வேதியியல் இருந்தது. கீழ்வீட்டு அக்காவின் மகள் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தபோது எழுதிய சமன்பாடுகள், சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட சரிகள். மீதியிருந்த வெற்றுப் பக்கங்களில் அக்கா தமிழில் எழுதியிருந்தார். வரிக்கு வரி எண் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல், பரீட்சைக்கு எழுதுகிறவரைப் போல. தலைப்பைக் கோடு போட்டு அழகுபடுத்தியிருந்தார்: ‘படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவது எப்படி?’ ஹைதராபாத் சைனிக்புரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சமையலறை மேடையில் அந்த நோட்டை வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, “சரியா இருக்கா பாரும்மா. நக்கோன்னா நக்கோன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றார். வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ‘நக்கோ’ அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுதலாம் என்ற ஆசையை அவருக்கு ஊட்டியது நான்தான். திருமணமாகி ஹைதராபாத் வந்த புதிதில் அமீர்பேட்டில் ஏதோ ஒரு மென்பொருள் படிப்பை முடித்தேன், வேலை கிடைக்கவில்லை. பிறகு குழந்தை பிறந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஒரு இணையதளத்தின் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். ‘எப்படி’ என்று தொடங்கும் ஆங்கிலக் கட்டுரைகள் வாரத்துக்கு ஆறு தர வேண்டும். சுவரில் துளையிடும் இயந்திரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதினேன். அதை நான் கையால் தொட்டதில்லை. பூனைக்குட்டியை எப்படிக் குளிப்பாட்டுவது என்று எழுதினேன். எங்கள் வீட்டு வாசற்படியைப் பூனை தாண்ட நான் விட்டதில்லை. நாலு தளங்களைத் திறந்து வைத்து, அங்கிருந்து இரண்டு, இங்கிருந்து மூன்று என்று எடுத்து, சொற்களை மாற்றிக் கோத்தால் கட்டுரை தயார். அதைத் திறமை என்றே நினைத்திருந்தேன்.

அக்காவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கணவருக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை என்பதால் மௌலா அலி குவார்ட்டர்ஸில் பல வருடங்கள் இருந்தவர்கள். பணியில் இருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வந்த பிறகு அக்கா வீட்டு வாசலைத் தாண்டுவதே அபூர்வம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போவார். ஒருநாள், “நீ வீட்லயே உக்காந்து எழுதறியே, அந்த மாதிரி என்னால முடியுமா? வெளிய போகத்தான் வழியில்ல. வீட்டுக்குள்ளயாவது எதையாவது உருப்படியா செய்யணும்போல இருக்கு” என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெரிய அனுபவசாலியைப் போல அடுக்கினேன். தலைப்பிலேயே எதைச் சொல்லித்தரப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். ஒரு படியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். படிக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கையால் செய்ததை மட்டுமே எழுத வேண்டும். இந்தக் கடைசி யோசனையை நானும் எங்கோ படித்துத்தான் வைத்திருந்தேன். அக்கா அத்தனையையும் பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அந்த நோட்டு வந்தது. பன்னிரண்டு படிகள். கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பது, பிளாஸ்டிக் விரிப்பின் ஓரங்களை மடித்துத் தண்ணீர் வாளிக்குள் ஓடுமாறு வாய்க்கால் செய்வது, காதில் பஞ்சு வைப்பது. படிக்கப் படிக்க அந்த அறையும் கட்டிலும் கண்முன் வந்தன. எட்டாவது படி மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

‘தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். அடுத்து அவருடைய நல்ல கையில் கொஞ்சம் ஊற்றி, முகத்தைப் பாருங்கள். விழுந்த பக்கத்துக்குச் சூடு தெரியாது. வாயாலும் சொல்ல வராது. ஒருநாள் அவசரத்தில் நான் பார்க்காமல் ஊற்றி, அவர் காதுக்குப் பின்னால் சுட்டுவிட்டேன். துவட்டும்போதுதான் தோல் கன்றியிருந்தது தெரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.’

ஆங்கிலத்தில் மாற்றி, அவர் பெயரில் அந்தத் தளத்துக்கு அனுப்புவதாகச் சொன்னேன். அவர் பெயரில் கணக்குத் தொடங்க ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டும், அடையாளச் சான்றுகள் அனுப்ப வேண்டும். அதற்கு ஏதாவது வழி கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அந்த வாரம் மகனுக்குக் காய்ச்சல். ஐந்து கட்டுரைகள்தான் முடிந்திருந்தன. ஆறாவது இல்லையென்றால் எழுதுகிறவர்களின் தரவரிசையில் என்னைக் கீழே தள்ளிவிடுவார்கள். அக்காவின் கட்டுரையை மொழிபெயர்த்து என் பெயரில் அனுப்பினேன். அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘நான்’ என்று எழுதக் கூடாது, படிப்பவரைப் பயமுறுத்தக் கூடாது, இத்தனை சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் எட்டாவது படியை எடுத்துவிட்டு, ஏழாவது படியில் ‘வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு படிகள் பதினொன்றாயின.

நான் எழுதிய எதற்கும் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது. தளத்தின் ஆசிரியர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். முகப்பில் என் புகைப்படத்தைப் போட்டு, ‘வீட்டில் நோயாளியைப் பல ஆண்டுகள் பராமரித்த அனுபவம் உள்ளவர்’ என்று அறிமுகமும் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. அந்த வரியைப் பலமுறை திறந்து பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், “என்னம்மா, ஏதாவது சொன்னாங்களா?” என்பார். “வரிசையில இருக்குக்கா” என்பேன். “ஹவ், பெரிய எடம், நேரமாகும்தான்” என்று, ஆமாம் என்பதற்கு இந்த ஊர் ‘ஹவ்’ போட்டு, அவரே எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மகள் என்னைக் கீழே வரச் சொன்னாள். இங்கேயே வளர்ந்த பெண். தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். அப்பாவுக்குக் காற்றுப் படுக்கை வாங்குவதற்காகத் தேடியவள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டி, “இதி மீரே ராசாரா, ஆன்ட்டி?” என்றாள். நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்த மரியாதையைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியது.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, “என்ன போட்டிருக்குன்னு படி” என்றார். மகள் ஒவ்வொரு படியாக ஆங்கிலத்தில் படித்துத் தெலுங்கில் சொன்னாள். அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றோடு முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எட்டாவது எங்கம்மா?”

இடம் பற்றவில்லை என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

“பேர் கிடக்கட்டும். ஒன் பேரு இருந்தா என்ன, எம் பேரு இருந்தா என்ன. இதைப் பாத்துட்டு யாராவது கொதிக்கக் கொதிக்க ஊத்தினா? அவங்களுக்குச் சொல்லத் தெரியாதேம்மா. அதை மட்டும் சேத்துடு.”

அவர் கணவர் தலையை அசைக்காமல் கண்களை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே படியேறினேன்.

அன்றே ஆசிரியருக்கு எழுதினேன். அந்தப் படியைச் சேர்க்க வேண்டும் என்றும், கட்டுரை என்னுடையதல்ல என்றும் எழுதினேன். இரண்டு நாளில் என் கணக்கை மூடினார்கள். என் பெயரையும் புகைப்படத்தையும் எடுத்துவிட்டு ‘ஆசிரியர் குழு’ என்று போட்டார்கள். கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்குள் வேறு பல தளங்களும் அதை எடுத்துப் போட்டிருந்தன. பூனைக்குட்டிக் கட்டுரைக்கு நான் செய்ததைத்தான் அவர்களும் செய்திருந்தார்கள். மூன்று பேருக்கு எழுதினேன், பதில் இல்லை. பிறகு அவர்களுக்கு எழுதுவதை விட்டுவிட்டேன். அக்காவிடம் போய் இதைச் சொல்லியிருக்கலாம். ஒரே மாடிப்படி, இருபது படிக்கட்டுகள். அவர் வீட்டு விளக்கு அணைந்திருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்து இறங்கப் பழகிக்கொண்டேன். வேறு வீடு பார்த்து நாங்கள் போகும் நாளில் அக்கா ஒரு டப்பா நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஒரு நிறுவனத்தில் எழுத்துப் பிரிவில் வேலை. அமீர்பேட்டில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சனிக்கிழமைகளில் இணையத்தில் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பெண் எழுந்து, “மேடம், நீங்க செய்யாத விஷயத்தை எப்பவாவது எழுதியிருக்கீங்களா?” என்று கேட்டாள். “ஆரம்பத்துல எல்லாரும் அதைத்தான் செய்வோம்” என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். மெட்ரோவில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு என்னை உட்கார விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் எண்ணைத் தேடி அழைத்தேன்.

அவர் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. மகன் எந்த வகுப்பு, எனக்கு முதுகுவலி இப்போது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். வார்த்தைகளைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

“அந்தத் தண்ணி விஷயம், சேத்தாங்களாம்மா?”

“சேத்துட்டாங்கக்கா” என்றேன்.

“ஹவ், நல்லது. அப்பப்போ நினைச்சுப்பேன், யாருக்காவது சுட்டுடப் போவுதேன்னு.”

அவர் நிம்மதியாக மூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.